மஸ்கட் பத்தாம் வகுப்பிலிருந்து என் ராஜினாமா

மயிலாப்பூர்,
17-11-1999, புதன்கிழமை.

சிரஞ்சீவி ஸ்ரீநாத்துக்கு அத்திம்பேர் சந்திரமௌலியின் ஆசீர்வாதம். நானும் உன் அக்கா ஜலஜாவும் உடம்பைப் பொறுத்தவரை சௌக்கியம். அவளுக்கு முழங்கால் வலி, மழைக்காலத்தில் வழக்கமானது. எனக்கு ரத்த அழுத்தம், உன் வகுப்பு ஆரம்பித்ததிலிருந்து வழக்கமானது. அங்கே நீ, கோமளம், குழந்தை ஸஹானா மூவரும் நலமாக இருக்கக் கபாலீஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன். ஸஹானாவைக் குழந்தை என்று எழுதியது பழக்க தோஷம். எவ்வளவு பெரியவளாகிவிட்டாள் என்பது இந்தக் கடிதத்தின் நடுவில் உனக்கே விளங்கும்.

கம்ப்யூட்டரும் நெட்டும் வாங்கிக் கொடுத்திருக்கும்போது இந்த மனுஷன் ஏன் ஸ்டாம்ப் ஒட்டிக் கடிதம் போடுகிறான் என்று நினைப்பாய். உன் ஈமெயிலின் ரகசிய வார்த்தை ஸஹானாவுக்குத் தெரியும் என்று அவளே எனக்குப் பெருமையாகச் சொன்னாள். இதில் இருக்கும் விஷயத்தை உன்னைத் தவிர யாரும் படிக்கக் கூடாது. ஆகவே ரிஜிஸ்டர் தபால்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய ஈமெயில் வந்தது. "அத்திம்பேர், என்ன நடக்கறது அங்கே? அய்யாதுரை சார் பையன் அஸ்வத் அரையாண்டில் இருபத்து மூணு. அவர் என் மேலதிகாரி. தினமும் அவர் முகத்தில் நான் முழிக்கணும்." அவ்வளவுதான். க்ஷேமம் விசாரிக்கவில்லை, அக்கா முழங்கால் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என்ன நடக்கிறது என்று கேட்டாய் அல்லவா, சொல்கிறேன். முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படு.

ஜூன் மாதம் லீவில் வந்தபோது நீதான் இந்தப் பெட்டியைக் கொண்டுவந்து எங்கள் சாப்பாட்டு மேஜை மேல் வைத்தாய். "அத்திம்பேர், முப்பத்தாறு வருஷம் கணக்கு வாத்தியாரா இருந்துட்டு இப்படி ஆத்துல பேப்பரை நாலு தரம் படிச்சுண்டு உக்காந்திருக்கேளே. மஸ்கட்ல எங்க பில்டிங்லயே பத்தாம் கிளாஸ் பசங்க நாலு பேர் இருக்கா. நம்ம ஊர் வாத்தியார் மாதிரி அங்கே கிடையாது. நீங்க இங்கேர்ந்து டைப் அடிச்சா அங்கே அவா படிச்சுப்பா. இனிமே உலகமே இப்படித்தான்" என்றாய். நான் மறுத்திருக்க வேண்டும். "நம்ம ஊர் வாத்தியார் மாதிரி" என்ற இடத்தில் விழுந்துவிட்டேன். அன்றிலிருந்து உன் அக்காவும் நானும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறோம்.

நாலு பேரை நீதான் சேர்த்துவிட்டாய். உன் பெண் ஸஹானா, மூன்றாவது மாடி பீர் முஹம்மதின் பையன் இனாயத், ஸ்ரீலக்ஷ்மி என்று ஒரு பெண், உன் அய்யாதுரையின் பையன் அஸ்வத். உங்கள் ஊரில் மாலை நாலரை, இங்கே ஆறு மணி. வியாழன், வெள்ளி விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு உண்டு என்பதே எனக்கு ஒரு மாதம் பழகவில்லை. ஆறு மணிக்கு மோடம் என்கிற அந்தச் சின்னப் பெட்டி, தொண்டையில் முள் சிக்கிய பூனை மாதிரி கத்தி முடித்து லைன் கிடைப்பதற்கு ஆறேகால். ஆறு இருபதுக்கு மந்தைவெளி காமாக்ஷியோடு டிவி சீரியல் கதையைப் பேசுவதற்காக உன் அக்கா சமையலறை போனை எடுப்பாள். "ஏன்னா, போன்ல யாரோ பல்லைக் கடிக்கறா மாதிரி சத்தம் வரதே" என்பாள். அவ்வளவுதான், லைன் அறுந்துவிடும். மறுபடி பூனை. இதைத் தினமும் விளக்கினேன். தினமும் "ஐயோ, மறந்துட்டேன்" என்றாள். கடைசியில் சமையலறை போன் மேல் இட்லித் தட்டைக் கவிழ்த்து வைத்தேன். அதையும் எடுத்து இட்லி வார்த்தாள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். நான் பொறுக்க முடியாதது அந்த நிசப்தம். வகுப்பில் நிசப்தமாக இருந்தால் வாத்தியாருக்குத் தெரியும், அது எந்த மாதிரி நிசப்தம் என்று. புரிந்த நிசப்தம், புரியாத நிசப்தம், கடைசி பெஞ்சில் யாரோ எதையோ தின்கிற நிசப்தம், மூன்றும் வேறு வேறு. முதுகைக் காட்டிக்கொண்டு போர்டில் எழுதும்போதே நான் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன், அந்தப் பையன் எழுந்து நின்றுவிடுவான். இங்கே கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. நான் ஒரு பாராவுக்கு அடிக்கிறேன், இரண்டு விரலால்தான் எனக்கு வரும், நெற்றி வியர்த்துவிடுகிறது. "புரிந்ததா?" என்று முடிக்கிறேன். "எஸ் சார்", "எஸ் சார்", "எஸ் சார்" என்று வருகிறது. அந்த எஸ்ஸில் முகம் இல்லை, முழி இல்லை. எந்த எஸ் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

குழந்தைகள் மனதைப் பிடித்து வைக்க என்னவெல்லாம் செய்தேன் தெரியுமா? முக்கோணத்தைச் சாய்கோடுகளால் திரையில் கட்டி அனுப்பினேன். முக்கால் மணி வேலை. அங்கே போய்ச் சேரும்போது கோடுகள் எல்லாம் இடது ஓரம் ஒதுங்கி, மழையில் விழுந்த பந்தல் மாதிரி ஆகிவிட்டதாம். விடுகதை போட்டேன். கிரிக்கெட் சராசரியை வைத்துக் கணக்கு போட்டேன். கணக்கு வாத்தியார் சிரிப்புத் துணுக்கு எழுத வேண்டியிருந்தது, அதையும் எழுதினேன். "எஸ் சார்" என்று வந்தது. துணுக்குக்கு எஸ் சார் என்று பதில் வந்தால் ஒரு மனிதன் என்ன செய்வான்? ஆரம்பத்தில், முதல் வாரத்தில் ஒருநாள் இனாயத் பத்து நிமிஷம் தாமதமாக வந்தான். பழைய கோபம் வந்துவிட்டது. "இனி தாமதமாக வரமாட்டேன் என்று நூறு தடவை எழுது" என்றேன். காபியை எடுத்து ஒரு வாய் குடித்திருக்க மாட்டேன், நூறு வரியும் வந்துவிட்டது. எண்ணிப் பார்த்தேன். சரியாக நூறு. ஓர் எழுத்து பிசகவில்லை. முப்பத்தாறு வருஷத்தில் இவ்வளவு வேகமும் ஒழுங்கும் உள்ள பையனைப் பார்த்ததில்லை என்று உன் அக்காவிடம் சொல்லிப் பூரித்துப்போனேன்.

நவராத்திரியில் கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே கொலு. வந்தவர்களில் யார் கையிலிருந்தோ ஒரு சுண்டல் உருண்டு, எழுத்துப் பலகையில் எக்ஸ் என்ற எழுத்துக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. அல்ஜீப்ரா நடந்துகொண்டிருக்கிறது, எக்ஸ் அழுந்தவில்லை. எக்ஸ் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெற்றிடமாகப் போகிறது, மூன்று பேரும் "எஸ் சார்" என்கிறார்கள். அஸ்வத் ஒருவன்தான், "சார், எக்ஸ் வரலை போலிருக்கே. வேணும்னா ஒய் வெச்சுக்கலாமா?" என்று கேட்டான். இன்னொரு நாள் நான் கை தவறி ஒரு மைனஸை விட்டுவிட்டேன். "மைனஸ் எங்கே போச்சு சார்?" என்று அவன்தான் கேட்டான். வீட்டுப் பாடம் தவறாமல் அனுப்புவான், ஒரு படி விடாமல். சந்தேகம் கேட்டால் அது நல்ல சந்தேகமாக இருக்கும். ஸ்ரீநாத், உண்மையைச் சொல்கிறேன், இந்த நாலு மாதம் நான் ஓடிப்போகாமல் இருந்ததற்கு அந்த ஒரு பையன்தான் காரணம். ஐந்தரை மணிக்கே முகம் கழுவி, விபூதி இட்டுக்கொண்டு உட்கார்ந்தது அவனுக்காகத்தான். அப்படிப்பட்டவன் இருபத்து மூணு என்று நீ எழுதுகிறாய். நான் என்ன நினைப்பேன், சொல். பேப்பர் திருத்தினவனுக்குக் கண் தெரியவில்லை என்றுதான் நினைத்தேன்.

மறுநாள், திங்கள்கிழமை, மோடம் பூனை மாதிரிகூடக் கத்தவில்லை. லஸ் பக்கம் நெட் கடை வைத்திருக்கும் வெள்ளைத்துரையைக் கூப்பிட்டேன். சுண்டலை எடுத்ததும் அவர்தான். "இன்னா சார், மறுபடி புட்டுக்கிச்சா" என்றபடி மொபெட்டை நிறுத்திவிட்டு வந்தார், ஏதோ ஒயரைப் பிடுங்கிச் செருகினார், லைன் வந்தது. மணி ஆறேகால். மழை பிடித்துக்கொண்டதால் அவர் கிளம்பவில்லை, என் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, உன் அக்கா கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே நான் நடத்துவதைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "சார், தப்பா நெனச்சுக்காதீங்க. இந்த மூணு பேரும் ஒரே செகண்டுல பதில் சொல்லிக்கினு கீறாங்களே, பாத்தீங்களா?" என்றார்.

"கெட்டிக்காரக் குழந்தைகள்" என்றேன்.

"அது செரி. நீங்க ஒண்ணும் எய்தாதீங்க. சும்மா ஒரு புள்ளி வெச்சு அனுப்புங்க."

ஒரே ஒரு புள்ளி வைத்து அனுப்பினேன். "எஸ் சார்." "எஸ் சார்." "எஸ் சார்."

வெள்ளைத்துரை டம்ளரைக் கீழே வைத்தார். "பசங்க அந்தாண்ட இல்ல சார். மிஷினுதான் பேசிக்கினு கீது. ஆள் இல்லாத நேரத்துல தானா பதில் போற மாதிரி செட்டப் பண்ணலாம். அத்த பண்ணி வெச்சிட்டு ஆட போய்ட்டாங்க." நூறு வரி விஷயத்தையும் கேட்டேன். ஒரு வரி அடித்தால் மீதியைப் பெட்டியே அடித்துவிடுமாம். என் எதிரிலேயே செய்து காட்டினார். உன் அக்கா சமையலறையில் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்ததை நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அப்புறம் சனியன்று போட்ட வீட்டுப் பாடம் பற்றி அதட்டி ஒரு மெயில் அனுப்பினேன், இனாயத் பயந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். இந்த ஏற்பாட்டை மூன்று பேருக்கும் செய்து கொடுத்தது உன் புத்திரி ஸஹானாதான். ஜூலை மூன்றாம் வாரமே செய்துவிட்டாளாம். யார் மூளை என்று கேட்காதே, உன் பக்கத்து மூளை. ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் மூன்று மாதமும் நான் வியர்க்க வியர்க்க டைப் அடித்தது யந்திரத்துக்கு.

ஆனால் அன்று அந்தப் புள்ளிக்கு நாலாவதாக ஒரு பதில் வந்தது. கொஞ்சம் தாமதமாக. "என்ன சார் புள்ளி? கை தவறிடுச்சா?" அஸ்வத். என் கண்ணில் நீர் வந்துவிட்டது, பொய் சொல்லவில்லை. ஒருவனாவது இருக்கிறான் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை, அதாவது நேற்று, மற்ற மூன்று பேரையும் விட்டுவிட்டு அவனுக்கு மட்டும் எழுதினேன். "அஸ்வத், நீ இருபத்து மூன்று மார்க் என்று கேள்விப்பட்டேன். நம்ப முடியவில்லை. என்ன நடந்தது, பயப்படாமல் சொல்." பதில் இல்லை. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். லைன் இருக்கிறதா என்று மோடத்தின் விளக்கைப் பார்க்கிறேன், எரிகிறது. அப்புறம் ஒரு வரி வந்தது. "ஒரு நிமிஷம் சார், மூணாவது விசில்." மறுபடி கொஞ்ச நேரம் கழித்து, "அடுப்பை அணைச்சிட்டு வந்துட்டேன்."

நான் எழுதினேன். "நீ ஏன் அடுப்பை அணைக்கிறாய்? அம்மா எங்கே?"

"நான்தான் சார் அம்மா."

அதை மூன்று தடவை படித்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நாலாவது தடவையும் படித்தேன். அதற்குள் மள மளவென்று வரிகள் வர ஆரம்பித்தன. என் இரண்டு விரல் வேகத்துக்கு நடுவில் புகுந்து எதுவும் கேட்க முடியவில்லை. அந்த அம்மாள் பெயர் சண்முகவடிவு. உன் மேலதிகாரி அய்யாதுரையின் சம்சாரம். தினமும் நீ லிஃப்ட்டில் பார்ப்பாய்.

"மன்னிச்சுக்கிடுங்க சார். முத நாள் நாலரைக்கு அஸ்வத் பந்து விளையாடப் போயிட்டான். நீங்க 'அஸ்வத்'னு பேர் கூப்பிட்டீங்க. பதிலே இல்லேன்னா உங்களுக்கு மரியாதையா இருக்காதேன்னு நான் 'எஸ் சார்'னு அடிச்சேன். அதோட எந்திரிச்சிருக்கணும். நீங்க ஒரு கேள்வி கேட்டீங்க. எனக்குப் பதில் தெரிஞ்சுது சார். அடிச்சேன். நீங்க 'சபாஷ்'னு போட்டீங்க. மறுநாளும் அவன் விளையாடப் போகட்டும்னு விட்டுட்டேன். தப்புதான்."

பிறகு சொன்னாள். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர் மகள். எழுபத்தொன்பதில் பத்தாவது எழுதிக் கணக்கில் முப்பத்தொன்று. நாலு மார்க்கில் போய்விட்டது. அக்டோபரில் மறுபடி எழுதுகிறேன் என்று கேட்டிருக்கிறாள். செப்டம்பரில் நிச்சயதார்த்தம் செய்துவிட்டார்கள். "இவங்க நல்லவங்கதான் சார். ஆனா வீட்டுல யாராவது கணக்குன்னு பேச்செடுத்தா என்னைப் பாத்து ஒரு சிரிப்பு சிரிப்பாங்க. அந்தச் சிரிப்பு எனக்குப் பழகிடுச்சுன்னுதான் நெனச்சேன். உங்க கிளாஸுக்கு வந்த பெறகுதான் பழகலைன்னு தெரிஞ்சுது." இந்த மார்ச்சில் தனித்தேர்வராக எழுத, திருவான்மியூரில் இருக்கும் தன் அம்மா வீட்டு விலாசத்தைக் கொடுத்து விண்ணப்பமும் போட்டுவிட்டாளாம். அதற்குப் புருஷனிடம் சொல்லியிருக்கும் காரணம், அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். "பாஸ் பண்ணினாத்தான் சொல்லுவேன் சார். அதுவரைக்கும் யாருக்கும் தெரிய வேண்டாம். அஸ்வத் ஃபெயிலானதுக்கு நான்தான் காரணம். அவனுக்கு நானே உக்கார வெச்சுச் சொல்லித் தந்திடுறேன். எனக்கு மட்டும் நீங்க நிறுத்திடாதீங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்று அடித்துவிட்டுப் பெட்டியை அணைத்துவிட்டேன்.

ஸ்ரீநாத், கணக்கு வாத்தியாராக இதைக் கூட்டிப் பார். மாணவர்கள் நாலு பேர். அதில் மூன்று யந்திரம், ஒரு தாயார். நாலு மாதத்தில் நான் ஒரு குழந்தைக்குக்கூடக் கணக்குச் சொல்லித் தரவில்லை. அரையாண்டில் பிள்ளை தோற்காமல் என்ன செய்யும்? உன் அக்காவிடம் சொன்னேன். "ஒருத்தியாவது கத்துண்டாளோன்னோ, அப்புறம் என்ன" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். எனக்கு அப்படி விட முடியவில்லை. ராத்திரி முழுக்க ஒரே எண்ணம். இந்த முப்பத்தாறு வருஷமும் என் எதிரில் ஐம்பது ஐம்பது பேராக உட்கார்ந்து "எஸ் சார்" சொன்னார்களே, அதில் எத்தனை பேர் உண்மையில் அங்கே இருந்தார்கள்? முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று இறுமாப்போடு திரிந்தேன். உடம்பை பெஞ்சில் வைத்துவிட்டு மனசால் கடற்கரைக்குப் போன பையன்களை நான் எத்தனை தடவை கெட்டிக்காரன் என்று தட்டிக்கொடுத்திருப்பேனோ. இந்த வயதில் இந்தச் சந்தேகம் எனக்குத் தேவையா? நீ வாங்கிக் கொடுத்த பெட்டியால் வந்தது.

ஆகவே என் முடிவு. இன்றிலிருந்து வகுப்பு இல்லை. பெட்டியை வெள்ளைத்துரையைக் கொண்டு கட்டி வைத்துவிடுகிறேன், அடுத்த முறை வரும்போது எடுத்துக்கொண்டு போ. எங்கள் சாப்பாட்டு மேஜை எங்களுக்கு வேண்டும். அந்த அம்மாளுக்கு மட்டும் வாரம் ஒருமுறை கணக்குகளைப் பேப்பரில் எழுதித் தபாலில் அனுப்பிவிடுகிறேன். உறைக்கு மேலே உன் பெயர் இருக்கும், நீ பிரிக்காமல் கோமளத்திடம் கொடுத்து அந்த அம்மாள் கையில் சேர்த்துவிடு. அய்யாதுரையிடம் என்ன சொல்வது என்று நீ விழிக்க வேண்டாம். "எங்க அத்திம்பேருக்கு வயசாயிடுத்து, பசங்களைப் பிடிச்சு வெக்கத் தெரியலை, எல்லாம் அவர் தப்பு" என்று சொல். என்னைப் பற்றி இப்படி ஒரு வார்த்தையை யாரும் சொல்ல நான் விட்டதில்லை. ஆனால் அந்த அம்மாள் சமாசாரம் வெளியே வராமல் இருக்க இதைவிட வேறு வழி எனக்குத் தெரியவில்லை. பழி என் மேல் இருக்கட்டும், நான் மயிலாப்பூரில் இருக்கிறேன், அவர் என்னை லிஃப்ட்டில் பார்க்கப் போவதில்லை. ஸஹானாவை அடிக்காதே. அவளைக் கணக்கில் விட்டால் இப்படித்தான் ஏதாவது செய்வாள், கம்ப்யூட்டர் படிக்கப் போடு.

கோமளத்துக்கு என் ஆசி. உன் அக்கா உனக்கு மாவடு பார்சல் அனுப்பியிருக்கிறாள், ஜாடி கவிழாமல் வந்து சேர்ந்ததா என்று எழுதச் சொன்னாள். சகல சௌபாக்கியங்களுடன் தீர்க்காயுசாக இரு.

இப்படிக்கு,
வகுப்பில்லாத வாத்தியார்,
உன் அத்திம்பேர்,
சந்திரமௌலி.

பின்குறிப்பு, 24-11-1999: ஒரு வாரமாக விடாத மழை, கச்சேரி ரோட்டில் முழங்கால் தண்ணீர், இந்தக் கடிதத்தைத் தபாலாபீசுக்குக் கொண்டுபோக முடியவில்லை. அதற்குள் சில விஷயங்கள் நடந்துவிட்டன. சனிக்கிழமை ஆறு மணிக்கு உன் அக்கா, "கட்டி வைக்கறதுக்கு முன்னால ஒருதரம் போட்டுத்தான் பாருங்கோளேன்" என்றாள். போட்டேன். அஸ்வத் காத்துக்கொண்டிருந்தான், இந்தத் தடவை அசல் அஸ்வத். "சார், அம்மாகிட்ட மூணு நாள் கணக்குப் படிச்சேன். ஒரு ஸ்டெப் விட்டா தோசை கிடையாதுங்கறாங்க. உங்ககிட்டயே வந்துடறேன் சார், ப்ளீஸ்." நிஜமாகவே அவன்தானா என்று பார்க்க ஒரு கணக்கு கொடுத்தேன். தப்பாகப் போட்டான். அவனேதான். மற்ற மூன்று பேரையும் அவனே இழுத்து வந்துவிட்டான். தான் மட்டும் மாட்டிக்கொள்ள மனசில்லை போலிருக்கிறது.

ஆகவே மேலே ராஜினாமா, பெட்டி, மேஜை பற்றி எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படி. எனக்கு வயதாகிவிட்டது என்று அய்யாதுரையிடம் தப்பித் தவறிக்கூடச் சொல்லிவிடாதே. உங்கள் நேரப்படி நாலரைக்குப் பிள்ளைகள், அதற்கு முன் மூன்றே முக்காலுக்குத் தாயார்கள். ஆமாம், தாயார்கள். சண்முகவடிவு ஒருத்தியோடு விஷயம் நிற்க வேண்டும் என்று இருந்தது, அவளே சொல்லி அழைத்து வந்து இப்போது மூன்று பேர் ஆகிவிட்டார்கள், இனாயத்தின் அம்மா உள்பட. மூன்றாவது ஆள் கோமளம். கல்யாணத்துக்கு முன் கணக்கில் பி.எஸ்ஸி. சேர ஆசைப்பட்டவளாமே, பதினாறு வருஷத்தில் உனக்கு அது தெரியுமா? மூன்று நாளாக நீ ஆபீசிலிருந்து வந்தால் காபி தாமதமாக வருகிறது என்று முணுமுணுக்கிறாயாம். இனிமேல் நீயே போட்டுக் குடி. அவளை நடுவில் கூப்பிடாதே. வகுப்பிலிருந்து பாதியில் எழுந்து போகிறவர்களை எனக்குப் பிடிக்காது.